கழுத்தில் நீர் கோத்த நாய்: ஊசியா, ஸ்கேனா, நேராகக் கத்தியா?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், நாலு வயது ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். பெயர் டைகர். தாடை எலும்புக்குக் கீழே அரைத் தேங்காய் மூடி அளவுக்கு வீக்கம். காய்ச்சல் இல்லை, தொட்டால் வலி இல்லை. சாப்பாடு, ஓட்டம், குரைப்பு எல்லாம் வழக்கம்போல. அழுத்தினால் தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. கூட வந்த அம்மா உட்கார்ந்ததும் சொன்னார்: "டாக்டர், இதோட மூணு தடவை நீர் எடுத்தாச்சு. எடுத்த பத்தே நாள்ல மறுபடி ரொம்பிடுது. இது என்னன்னு மட்டும் யாரும் சொல்லல."

மூன்று தடவை எடுத்த நீரும் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறது. அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் தடவிப் பார்த்திருந்தால் முதல் நாளே விஷயம் பிடிபட்டிருக்கும். நாய் வளர்ப்பவர்களையும், தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கழுத்தில் இப்படி ஒரு வீக்கம் தெரிந்தால் நம் முன் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் செலவழிப்பது, எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கலாம்?

நாய்க்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாலு ஜோடி. காதடியில், தாடைக் கோணத்தில், நாக்கடியில், கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் உள்பக்கத்தில். இவற்றில் நாக்கடிச் சுரப்பியோ அதன் குழாயோ கிழிந்துவிட்டால் எச்சில் வாய்க்குப் போகாமல் தோலுக்கடியில் கசிந்து சேர்கிறது. உடம்பு அதைச் சுற்றி ஒரு சதைச் சுவர் எழுப்பிக்கொள்கிறது. மருத்துவத்தில் சியாலோசீல் என்பார்கள். நான் வருகிறவர்களிடம் எச்சில் கட்டி என்று சொல்வேன். வலியில்லாமல், மெதுவாகப் பெருத்து, மெத்தென்று தளும்பும் வீக்கம் தாடைக்கடியில் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். ஏன் கிழிந்தது என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. கழுத்துப் பட்டையை முரட்டுத்தனமாக இழுத்தது, எலும்பு குத்தியது, குழாயில் கல் அடைத்தது என்று சில நாய்களில் மட்டும் காரணம் தெரியும்.

ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி தளும்பிக்கொண்டு வேறு சிலவும் வரும். தெருச் சண்டையில் கடிபட்டு உள்ளே சீழ் பிடித்தது, குச்சியைக் கவ்வி ஓடும்போது தொண்டையில் குத்தி முறிந்தது, ரத்தம் தேங்கியது, நெறி கட்டி அதன் நடுப்பகுதி அழுகி நீரானது, தைராய்டுக் கட்டிக்குள் நீர் கோத்தது. கரு வளரும்போது மறைந்திருக்க வேண்டிய குழாயோ பிளவோ மிச்சமாக நின்று பின்னாளில் நிரம்பும் பிறவிக் கட்டிகளும் உண்டு; அபூர்வம்தான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றைக் கீறி வடிய விட வேண்டும். இன்னொன்றைக் கீறினால் நாய் மேசையிலேயே ரத்தம் இழக்கும்.

"நீரை எடுத்துவிட்டுப் பார்ப்போம்"

இதுதான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லோருக்கும் பிடித்த வழியும் இதுவே. வீக்கம் கண்ணெதிரே வற்றுகிறது, நாய்க்காரருக்கு மனம் குளிர்கிறது. எச்சில் கட்டியில் இது நிலைக்காது. கிழிந்த சுரப்பி எச்சிலைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் கிருமி இல்லாத இடத்துக்குக் கிருமியை விடும் அபாயமும் கூடுகிறது. பை பழுத்துச் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டால் பின்னால் அறுவை செய்பவர் பாடு திண்டாட்டம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. எச்சில் தொண்டையின் உள்சுவரில் சேர்ந்தால் மூச்சுப் பாதையை அடைக்கும். நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு கர்கர் என்று மூச்சு வாங்கினால் முதலில் நீரை எடுத்து உயிரைக் காப்பாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அப்போதும் எடுத்த நீரில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியும் ஸ்லைடும்

இதிலும் ஊசியால்தான் குத்துகிறோம் என்றாலும் இது மேலே சொன்னதல்ல. அது நீரை வெளியேற்றுவதற்கு, இது நீரைப் படிப்பதற்கு. 22 அளவு ஊசி, 5 மில்லி சிரிஞ்சு, நாலு ஸ்லைடு போதும். தோலைச் சுத்தம் செய்து, கழுத்து ரத்தக் குழாய் ஓடும் தடத்தை விலக்கிக் குத்த வேண்டும். கொழகொழப்பான நீராக இருந்தால் மெல்லிய ஊசியில் ஏறாது, கொஞ்சம் தடிமனான ஊசிக்கு மாற வேண்டியிருக்கும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

சிரிஞ்சில் வருவதைப் பார்த்தே பாதி கதை தெரிந்துவிடும். எச்சில் என்றால் முட்டை வெள்ளைக்கரு போல இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு போல நூல் விடும். நிறம் தெளிவாகவும் இருக்கலாம், தேன் நிறமாகவும் இருக்கலாம், பழைய ரத்தம் கலந்து பழுப்பாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து ஏமாறாதீர்கள், நூல் விடுகிறதா என்று பாருங்கள். சீழ் என்றால் நாற்றமே சொல்லிவிடும், எல்லாச் சீழும் நாறாது என்றாலும்.

அப்புறம் ஸ்லைடு. சாயம் போட்டுப் பார்த்தால் எச்சில் கட்டியில் செல்கள் குறைவாக, பின்னணியில் கோழை இழை இழையாக ஓடியிருக்கும். செல்கள் அந்த இழையோடு வரிசை கட்டி நிற்கும். நுரை பொங்கியது போன்ற பெரிய விழுங்கு செல்கள் அங்கங்கே தெரியும். சந்தேகம் இருந்தால் பி.ஏ.எஸ் சாயம் போடச் சொல்லலாம், கோழைப் பொருள் கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். சீழ்க்கட்டியில் உப்பிச் சிதைந்த வெள்ளணுக்கள் குவிந்திருக்கும், சிலவற்றின் வயிற்றில் கிருமியே தெரியும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. நாள்பட்ட எச்சில் கட்டியிலும் வெள்ளணுக்கள் இருக்கும். அதைப் பார்த்ததும் சீழ் என்று எழுதி, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த அணுக்கள் சிதையாமல் முழுசாக இருந்து, கிருமியும் கண்ணில் படாவிட்டால் மருந்து எழுதும் முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். குட்டி நாயென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு முகம் வீங்கி, தாடையடி நெறிகள் கட்டி உடைந்து சீழ் போல வடியும். கல்ச்சர் செய்தால், அதாவது அந்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால், எதுவும் இருக்காது. குட்டிகளுக்கு வரும் அந்த நோய் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது, ஸ்டீராய்டுக்குத்தான் அடங்கும். மற்ற நாய்களில் ஸ்லைடு பார்க்காமல் ஸ்டீராய்டு போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெறிகளில் வரும் லிம்ஃபோமா புற்று அதில் தற்காலிகமாகச் சுருங்கிவிடும், அப்புறம் நோயைக் கண்டுபிடிப்பதே சிக்கலாகும்.

ஊசி போடும் முன் ஈறையும் வயிற்றுத் தோலையும் ஒரு தடவை பாருங்கள். குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள் இருந்தால் நிறுத்துங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதில் ரத்தத் தட்டணு இறங்கிவிடும். சில வகை எலி மருந்துகளைத் தின்ற நாய்க்கு ரத்தம் உறையாது, கழுத்தில் ரத்தம் தேங்கி வீக்கமாக வரலாம். இந்த நாய்களுக்கு முதலில் தட்டணு எண்ணிக்கையும் உறையும் நேரமும் பார்க்க வேண்டும், ஊசி அதற்கப்புறம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாய்க்குள் பார்க்காமல் கழுத்து வீக்கத்தைப் படித்து முடிக்க முடியாது. நாக்கடியில் தவளை வயிறு போல வீக்கம் இருந்தால் எந்தப் பக்கச் சுரப்பி என்பது அங்கேயே தெரிந்துவிடும். டான்சிலில், ஈறில் புற்று இருந்தாலும் அதன் முதல் அடையாளம் கழுத்து நெறியாக இருக்கலாம். ஆனால் எச்சில் ஒழுகிக்கொண்டு, விழுங்க முடியாமல், குணமும் மாறியிருக்கும் நாயின் வாயில் வெறும் கையை விடக் கூடாது. வெறிநோய் இல்லை என்று மனம் உறுதிப்படும் வரை தள்ளி நில்லுங்கள். வீட்டில் இருப்பவர்களும் "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று கையை விடக் கூடாது.

ஸ்கேன் முன்னா, ஊசி முன்னா?

அல்ட்ராசவுண்ட் பற்றி எனக்கு ஒரு காலத்தில் அலட்சியம் இருந்தது. ஊசியில் நீர் வந்துவிட்டால் ஸ்கேன் எதற்கு என்று நினைத்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் பத்து வயது பீகிள் ஒன்று அதை மாற்றியது. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் கட்டி. ஒரு பக்கம் மெத்தென்றும் இன்னொரு பக்கம் கெட்டியாகவும் இருந்தது. ஊசியில் வெறும் ரத்தம் வந்தது. சரியாகக் குத்தவில்லை என்று நினைத்து இன்னும் தடித்த ஊசியால் மறுபடி குத்தினேன். கழுத்து கண்ணெதிரே உப்பியது. இரவு முழுக்க அழுத்திப் பிடித்து, ஐஸ் வைத்து, நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அது தைராய்டுப் புற்று.

நாயின் கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்த தைராய்டுக் கட்டிகளில் சுமார் 90 சதவீதம் புற்றுதான். பெரும்பாலும் ரத்த ஓட்டம் நிறைந்தவை. நடுவில் அழுகி நீர் கோத்திருந்தால் வெளியிலிருந்து சாதாரண நீர்க்கட்டி போலவே ஏமாற்றும். கெட்டியான கட்டியில் குத்தி ரத்தம் மட்டும் வந்தால் அதையே ஒரு விடையாக எடுத்துக்கொண்டு ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து நான் இடத்தையும் வயதையும் வைத்துத்தான் வரிசையைத் தீர்மானிக்கிறேன். தாடைக் கோணத்தின் கீழே, முழுக்க மெத்தென்று, வலியில்லாமல் இருந்தால் ஊசி முதலில். குரல்வளைக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, எங்காவது கெட்டியாகத் தட்டுப்பட்டாலோ, துடித்தாலோ, நாய்க்கு ஏழெட்டு வயது தாண்டியிருந்தாலோ ஸ்கேன் முதலில். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி. மெஷின் கைவசம் இருக்கும் இடத்தில் எல்லா வீக்கத்துக்கும் ஸ்கேனையே முதலில் செய்துவிடலாம். ஊசி பட்டு உள்ளே ரத்தம் கசிந்த பிறகு எடுக்கும் படம் குழப்பும்.

ஸ்கேனில் நீர் கறுப்பாகத் தெரியும். எச்சில் கட்டிக்குள் மெல்லிய இழைகள் குறுக்கே ஓடும். சீழ் பனி பெய்வது போல உள்ளே சுழலும். மரக்குச்சி எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேனில் பளிச்சென்ற ஒரு கோடாக, பின்னால் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் தைராய்டு மடல்கள் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் பெரிய பயம் தீர்ந்தது. டாப்ளரில் சுவரில் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதும் தெரியும். ஆனால் இது முழுக்க முழுக்க பிடிப்பவர் கைத்திறனைப் பொறுத்தது. கர்ப்பம் பார்ப்பதற்கு மட்டும் பழகிய கையால் கழுத்தைப் படிக்க முடியாது. நல்ல அதிர்வெண் கொண்ட நேர்ப் புரோப் (தோலின் மேல் வைத்துப் பிடிக்கும் கருவி) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குழாய்க் கல், தூண்டில் முள், தையல் ஊசி, காற்றுத் துப்பாக்கிக் குண்டு இவற்றுக்கு உதவும். புற்று என்று சந்தேகம் வந்தால் மார்பை மூன்று கோணத்தில் எடுத்து நுரையீரலைப் பார்க்க உதவும். நீர் வீக்கத்தின் பெயரைச் சொல்ல அதனால் முடியாது.

சிடி ஸ்கேன் யாருக்கு?

சிடியின் விலை அல்ட்ராசவுண்டைப் போலப் பல மடங்கு, மயக்கம் கொடுக்க வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. எச்சில் என்று ஸ்லைடில் உறுதியாகி, பக்கமும் தெரிந்த நாய்க்கு நான் சிடி கேட்பதில்லை. அந்தப் பணத்தை அறுவைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். தைராய்டுக் கட்டி ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா, எடுக்க முடியுமா என்று தெரிய வேண்டும். ஒரு தடவை அறுவை செய்தும் வீக்கம் திரும்பிவிட்டது. குச்சி எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஸ்கேனில் அகப்படவில்லை. இந்த நாய்களுக்கு மட்டும் எவ்வளவு தூரம் போயாவது சிடி எடுக்கத்தான் வேண்டும். அங்கே மிச்சம் பிடித்தால் நாய்தான் விலை கொடுக்கும்.

எந்தப் பக்கம் என்று தெரியாததற்காகவும் சிலர் சிடிக்கு அனுப்புகிறார்கள். பெரிய எச்சில் கட்டி கழுத்தின் நடுவில் தொங்கும், இடமா வலமா என்று குழப்பும். காசு செலவில்லாத ஒரு பழைய வழி இருக்கிறது. நாயை மல்லாக்கப் படுக்க வையுங்கள், முதுகெலும்பு நேராக இருக்கட்டும். வீக்கம் பெரும்பாலும் எந்தப் பக்கச் சுரப்பியிலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் சரியும். வீக்கம் எந்தப் பக்கம் முதலில் தெரிந்தது என்று வீட்டாரையும் கேளுங்கள், பழைய போட்டோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஊசியால் நீரை முழுக்க வற்ற விடக் கூடாது என்று நான் சொல்வதும் இதற்காகத்தான். வற்றிய பையை வைத்துப் பக்கம் சொல்ல முடியாது. இத்தனைக்கும் பிறகு தெரியவில்லை என்றால் சுரப்பிக் குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தோ சிடியிலோ பார்க்கலாம். அதற்கு வசதியில்லாத வீட்டு நாய்க்கு இரண்டு பக்கமும் எடுத்துவிடுவதும் ஒரு வழிதான். மிச்சமிருக்கும் சுரப்பிகளே வாயை ஈரமாக வைத்துக்கொள்ளும்.

நேராகக் கத்தி?

"எப்படியும் எடுக்கத்தானே போறீங்க, டெஸ்ட்டெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எச்சில் கட்டிக்கு அறுவைதான் நிலையான வைத்தியம். ஆனால் அந்த அறுவையில் நாம் எடுப்பது வீங்கிய பையை அல்ல, தாடைச் சுரப்பியையும் நாக்கடிச் சுரப்பியையும். இரண்டும் ஒரே உறைக்குள் ஒட்டி இருப்பதால் சேர்த்தே எடுக்க வேண்டும். சுரப்பி போனால் பை தானாகச் சுருங்கும். பெயர் தெரியாமல் திறந்தவர் பையை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார், இரண்டு மாதத்தில் நாய் அதே வீக்கத்தோடு திரும்பி வரும். பிறவிக் கட்டி நேர்மாறு: அதற்கு உள்சுவர் தோல் உண்டு, அந்தச் சுவரில் ஒரு துளி மிச்சம் வைத்தாலும் மறுபடி நிரம்பும், அதனால் பையையே முழுதாக எடுக்க வேண்டும். கத்தி ஒன்றுதான், எடுக்க வேண்டியது வேறு வேறு. முன்கூட்டியே பெயர் தெரிய வேண்டும் என்பது இதற்குத்தான்.

கட்டியைக் கிள்ளி எடுக்கும் பயாப்சி கெட்டியான கட்டிக்குப் பயன்படும். தைராய்டு என்று சந்தேகம் இருந்தால் ஸ்கேன் இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யக் கூடாது.

செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் எதைக் குறைத்தாலும், அறுத்து எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதைக் குறைக்காதீர்கள். ஸ்லைடில் எச்சில் என்று வந்த கட்டிக்கு அடியில் சுரப்பிப் புற்று இருந்து, அதுவே குழாயைக் கிழித்திருக்கவும் கூடும். சதை அழுகாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போட்டு, வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நம்பிக்கையான இடத்துக்கு அனுப்பலாம். சுரப்பியோடு பைச் சுவரின் ஒரு துண்டையும் சேர்த்துப் போடுங்கள். உள்சுவர் தோல் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும்.

டைகருக்கு நான் செய்தது இவ்வளவுதான். ஊசியில் தேன் நிறத்தில் நூல் விட்டுக்கொண்டு வந்தது. கால் பங்குகூட எடுக்கவில்லை. ஸ்லைடைச் சாயம் போட்டு அந்த அம்மாவையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன், "இழை இழையா இருக்கே டாக்டர், இதா எச்சில்?" என்றார். மறுநாள் ஸ்கேனில் தைராய்டு இரண்டு மடலும் ஒழுங்காக இருந்தன, நெறிகளிலும் குறையில்லை. மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்ததும் வீக்கம் இடப்பக்கம் சரிந்தது. இடப்பக்கச் சுரப்பிகள் இரண்டையும் எடுத்து, வடிகுழாய் வைத்து, நாலாம் நாள் அதை உருவினேன். சிடி எடுக்கவில்லை.

திசு அறிக்கை அடுத்த வாரம் வந்தது. எச்சில் கட்டி, சுவரில் உள்தோல் இல்லை, புற்று இல்லை. அந்த அம்மா அறிக்கையில் ஒரு நகல் கேட்டு வாங்கி, வரிக்கு வரி என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். அப்புறம் நாலாக மடித்து டைகரின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துக்கொண்டார்.